மறந்தவரை நாம் மறக்கலாமா?



உங்கள் வீட்டில் வயது முதிர்ந்த ஒருவர் இருக்கிறாரா? காலையில் கேட்ட கேள்வியையே பகலிலும் கேட்கிறாரா? சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காயுமுன் “இன்னும் சோறு தரவில்லையே” என்கிறாரா? பெற்ற மகளைப் பார்த்து “நீங்க யாரு புள்ள?” என்று விசாரிக்கிறாரா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகவே எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைக் கவனிக்க ஒரு பிள்ளையைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமையோடு படியுங்கள்.

நான் வைத்தியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதிவிட்டு, மலைநாட்டுப் பாடசாலையொன்றில் இஸ்லாம் பாடமும் அரபும் கற்பிக்கும் ஆசிரியன். முதியோரைப் பராமரிக்கும் பெண்களுக்கு நான் பாடம் சொல்லப் போன கதையையும், அங்கே நானே பாடம் படித்துத் திரும்பிய கதையையும் சொல்லவே பேனா எடுத்தேன்.

என் வாப்பா ஹட்டன் நகரில் நாற்பது வருடத்துக்கு மேல் புடவைக் கடை நடத்தியவர். தோட்டங்களில் சம்பளம் போடும் 10ஆம் திகதி வந்தால் எங்கள் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யார் எவ்வளவு பாக்கி என்பதையெல்லாம் கொப்பியைத் திறக்காமலே சொல்வார். அப்படிப்பட்டவர் 2014ஆம் வருடம் வீட்டுக்கு வரும் வழியை மறந்து பஸ் நிலையத்தில் நின்றார். பிறகு ஒவ்வொன்றாக மறந்தார். கடைசியில், ஐந்து வருடத்துக்கு முன் மௌத்தாகிவிட்ட எங்கள் உம்மாவைத் தேட ஆரம்பித்தார்.

“உம்மா எங்க மகன்?”

“உம்மா மௌத்தாகி அஞ்சு வருஷம் வாப்பா.”

அந்தச் செய்தியை அவர் அப்போதுதான் கேட்கிறார். முகம் உடைந்துவிடும். “எனக்கு ஏன் சொல்லல்ல? ஜனாஸாவுக்கு என்னை ஏன் கூப்பிடல்ல?” என்று குலுங்கிக் குலுங்கி அழுவார். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. நானும் மறுபடியும் அதே பதிலைச் சொல்வேன். பொய் சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம். ஒரே மனிதரை ஒரே நாளில் நான்கு முறை மனைவியை இழக்க வைக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் காலத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வாப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தாள். சாதாரண தரம் வரை படித்தவள். ஒருநாள் கதவருகே நின்று அவர்கள் பேசுவதைக் கேட்டேன். வாப்பா வழக்கம்போல் உம்மாவைக் கேட்டார். அவள் சொன்னாள்: “அம்மாவத் தேடுதா முதலாளி? அவங்க என்னா நல்லா சமைப்பாங்க?”

வாப்பாவின் முகம் மலர்ந்தது. உம்மாவின் வட்டிலாப்பத்தைப் பற்றி, அதற்கு எந்தக் கடையில் கித்துள் பாணி வாங்குவார் என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அழவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. “வந்துவிடுவார்” என்று ஏமாற்றவும் இல்லை. “செத்துவிட்டார்” என்று குத்தவும் இல்லை. கேள்விக்குள்ளே இருந்த தேட்டத்துக்கு அவள் பதில் சொன்னாள். உண்மைக்கும் பொய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கிதாபுகளில் ஓதிய எனக்கு அப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போயிற்று.

தொழுகை விஷயத்திலும் அப்படித்தான். லுஹரைத் தொழுத கையோடு மறுபடி ஒளுச் செய்யத் தண்ணீர் கேட்பார். “தொழுதாச்சு வாப்பா!” என்று நான் சத்தம் போடுவேன். அறிவு நீங்கியவர் மீது கடமை இல்லை என்பது நான் மாணவர்களுக்குக் கற்பிக்கும் சட்டம். அப்படியிருக்க, கடமையில்லாதவரைத் தடுத்துத்தான் நான் எதைக் காப்பாற்றினேன்? அந்தப் பிள்ளை ஒன்றும் பேசாமல் முஸல்லாவை விரித்துவிடுவாள். எந்தப் பக்கம் விரிக்க வேண்டும் என்பதைப் பார்த்தே பழகியிருந்தாள்.

வாப்பா 2018இல் மௌத்தானார். நான் செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து உறுத்தியது. இந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். கொழும்பு மருதானையில் 2001ஆம் ஆண்டு முதல் இயங்கும் இலங்கை அல்ஸைமர் மன்றத்துக்கும் போய் விளக்கம் கேட்டேன்.

‘டிமென்ஷியா’ என்று வைத்தியர்கள் சொல்வது மூளையைத் தாக்கும் பல நோய்களின் பொதுப் பெயர். அவற்றில் அதிகமாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். 1906இல் ஜெர்மனிய வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர் முதன்முதலில் விவரித்ததால் அந்தப் பெயர். 2021இல் உலகில் 5 கோடி 70 இலட்சம் பேர் இப்படி வாழ்ந்தார்கள் என்றும், அவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் நம்மைப் போன்ற நடுத்தர, ஏழை நாடுகளில் இருக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ராகமைப் பகுதியில் செய்யப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைக் கடந்தவர்களில் 100க்கு ஏறத்தாழ 4 பேருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. 2024 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.6 சதவீதத்தினர் 65 வயதைத் தாண்டியவர்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும்.

மலைநாட்டில் இது இன்னும் கடினம். லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்து எழும்புகிறது. இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விடுகிறார்கள். தாய் கொழுந்தெடுக்க மலைக்குப் போனால் குழந்தையை விடப் பிள்ளைக் காம்பரா இருக்கிறது. மறதி வந்த மாமியாரை விட்டுச் செல்ல அப்படி ஓர் இடத்தை நான் எந்தத் தோட்டத்திலும் கண்டதில்லை.

ஹட்டனுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள முதியோர் இல்லமொன்றில் நம்மவர் இருவர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்க வெள்ளிக்கிழமைகளில் போய்வருவேன். அதன் பொறுப்பாளர் ஒருநாள், “சேர், நீங்க டீச்சர்தானே. எங்க பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு எடுங்களேன்” என்றார். வாப்பாவுக்குச் செய்யத் தவறியதை இப்படியாவது ஈடு செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஒன்பது பெண்கள் வந்தார்கள். எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். கரும்பலகையில் மூளையின் படம் வரைந்து ஒரு மணி நேரம் பயான் செய்தேன். “சரிங்க சேர், வெளங்குதுங்க சேர்” என்றார்கள். அடுத்த வெள்ளி போனபோது ஒரு பாட்டியைப் பழைய சேலைத் துண்டால் கதிரையோடு கட்டியிருந்தார்கள். கட்டியவள் என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவள்.

எனக்குக் கோபம் வந்தது. நல்ல வேளையாக, கோபத்தை அடக்கிக்கொண்டு “ஏன் மகள் கட்டினீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“ராவுல நாங்க ரெண்டு பேருதான் சேர். இருபத்திநாலு பேரப் பாக்கணும். இவங்க விழுந்து கால ஒடச்சிக்கிட்டா எங்களத்தானே கேப்பாங்க?”

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவளுடைய பயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்காமல் பாட்டியின் மூளையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அன்றோடு கரும்பலகையை மூடினேன்.

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டாம் கிட்வுட் என்றோர் அறிஞர் இருந்தார். 1998இல் காலமானார். நோயை முன்னால் வைத்து மனிதரைப் பின்னால் தள்ளும் பழக்கத்தை அவர் கடுமையாகக் கண்டித்தவர். நோயாளியை ஏமாற்றுவது, அவசரப்படுத்துவது, குழந்தையைப் போல் நடத்துவது, அவர் இருக்கும்போதே இல்லாதவரைப் போல் அவரைப் பற்றிப் பேசுவது இவையெல்லாம் நோயோடு சேர்ந்து மனிதரை இன்னும் சிதைக்கின்றன என்று காட்டினார். இதைச் செய்பவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை, நல்ல மனிதர்களும் பழக்கத்தால் செய்வார்கள் என்றும் சொன்னார். அவரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை வகுத்தார்கள். பராமரிப்பு இல்லத்தின் மூலையில் உட்கார்ந்து, ஒவ்வொரு 5 நிமிடத்துக்கும் அந்த முதியவர் என்ன செய்கிறார், எப்படி இருக்கிறார் என்று குறித்துக்கொள்வது.

அதை முறையாகச் செய்ய எனக்குப் பயிற்சி இல்லை. ஆனாலும் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். கட்டப்பட்டிருந்த அந்தப் பாட்டியை இரண்டு மணி நேரம் கவனித்தேன். அதற்குள் அவரிடம் மூன்று முறை பேசினார்கள். “உக்காருங்க.” “வாயத் தொறங்க.” “கத்தாதீங்க.” அவ்வளவுதான். கொப்பியை அந்தப் பெண்களிடமே வாசித்துக் காட்டினேன். குற்றம் சாட்டவில்லை. “உங்களை இப்படி ஒரு நாள் முழுக்க வைத்தால் என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். ஒருத்தி, “நானும் கத்துவேன் சேர்” என்றாள். உண்மையில் வகுப்பு அப்போதுதான் ஆரம்பமானது.

அந்தப் பாட்டி விடியற்காலை நாலரைக்கு எழுந்து கதவைத் தட்டிக் கூச்சல் போடுவாராம். அதற்காகத்தான் கட்டு. “எங்கே போகப் பார்க்கிறார்?” என்று கேட்டேன். ஒன்பது பேரும் ஒரே குரலில், “பெரட்டுக்கு சேர்!” என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. பெரட்டுக்குப் பிந்தினால் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்பிவிடுவார், அன்றைய பேர் போய்விடும். சிறு வயது முதல் மலை ஏறிய ஒரு பெண்ணுக்குப் பூட்டிய கதவு என்பது பட்டினி. அவர் போட்டது பைத்தியக் கூச்சல் இல்லை. பிள்ளைகளுக்குச் சோறு போய்விடுமே என்ற கூச்சல்.

என்ன செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. அவர்களையே யோசிக்கச் சொன்னேன். மறுநாள் விடியற்காலை ஒரு பிள்ளை அவர் கையைப் பிடித்து, “வாங்க பாட்டி, மொதல்ல சாயம் குடிப்போம்” என்று சமையலறைக்குக் கூட்டிப் போனாள். குடித்ததும் ஒரு கூடையையும் கீரைக் கட்டையும் முன்னால் வைத்தாள். பாட்டியின் விரல்கள் கீரையை ஆய்ந்த வேகத்தைப் பார்த்து அவர்கள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு விரலாலும் தண்டைக் கிள்ளி, கை நிறைந்ததும் கூடைக்குள் போட்டாராம். முடிந்ததும், “எம் பேரு விழுந்திருச்சா?” என்று கேட்டார். அவள் கொப்பியில் அவர் பெயரை எழுதிக் காட்டினாள். அன்று இருபத்திநாலு பேருக்கும் அந்தக் கீரைதான் கறி. அதற்குப் பிறகு அந்தச் சேலைத் துண்டை நான் காணவில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி வைத்தோம். அவரை எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எந்தத் தோட்டம், என்ன வேலை, எந்தச் சாமி, எந்தச் சாப்பாடு, எப்போது குளிப்பார், எதற்குப் பயப்படுவார் என்று எழுதச் சொன்னேன். உறவினர் வந்தால் கேட்டு எழுதினார்கள். எழுதத் தயங்கியவர்கள் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள்.

காலையில் குளிக்க மறுத்து அடிக்க வருபவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். கொப்பியைப் பார்த்தால் நால்வரும் மலையில் வேலை செய்தவர்கள். வேலை முடிந்து அந்தியில் பீலிக்கரையில் குளித்தே பழகியவர்கள். மலைநாட்டு மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்குத் தண்ணீரோடு போய் நின்றால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? பொறுப்பாளரிடம் பேசி அவர்களுடைய குளியலைப் பின்னேரத்துக்கு மாற்றி, சுடுதண்ணீரும் வைத்தோம். நால்வரில் மூவர் மறுக்காமல் குளித்தார்கள்.

இன்னொரு முதியவர் ரயில் கூவும் சத்தம் கேட்டால் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு அழுவார். காரணம் புரியாமல் இருந்தது. பார்க்க வந்த மருமகன் சொன்னார்: 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது அல்லவா? அந்தக் கணக்கில் அவருடைய அக்காள் குடும்பம் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலில் இந்தியா சென்றது. இவர் தங்கிவிட்டார். பிறகு சந்திக்கவே இல்லை. அதைக் கேட்ட அன்று அந்தப் பெண்களில் இருவர் அழுதார்கள். அவர்கள் வீட்டிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. அதற்குப் பிறகு ரயில் கூவினால் யாராவது ஒருத்தி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “ஒங்க அக்கா பேரு என்னாங்க தாத்தா?” என்று கேட்பாள். அழுகை நிற்கவில்லை. ஆனால் தனியாக அழும் நிலை மாறியது.

எல்லாமே இப்படி நன்றாக முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அமைதியாக இருந்த ஒருவர் திடீரென்று இரண்டு நாளில் தாறுமாறாகப் பேசி எல்லோரையும் தள்ள ஆரம்பித்தார். நாங்கள் அவருடைய கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மூத்த தாதி வந்து பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சிறுநீரில் கிருமித் தொற்று. மருந்து கொடுத்ததும் பழைய நிலைக்கு வந்தார். இதை நன்றாக நினைவில் வையுங்கள்: மறதி நோய் பெரும்பாலும் மெதுவாகவே வளரும். திடீர் மாற்றம் வந்தால் காய்ச்சல், கிருமித் தொற்று, மலச்சிக்கல், பல்வலி, புதிய மருந்து இவற்றில் ஏதாவது இருக்கலாம். தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அதுபோலவே, மறதி ஆரம்பிக்கும்போதும் “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டுக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு போன்று சிகிச்சையால் சீராகக்கூடிய காரணங்களும் உண்டு.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்கிறேன். பாட்டிக்குக் கீரைக்கூடை கொடுத்த அந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் வேலையை விட்டு, வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போய்விட்டாள். இங்கே கிடைத்த சம்பளத்தில் அவளால் தம்பிமாரைப் படிக்க வைக்க முடியவில்லை. போகும்முன் புதிதாக வந்தவளிடம் கொப்பிகளைக் கொடுத்து, ஒவ்வொரு முதியவரின் பக்கத்திலும் நிறுத்தி, “இவங்கதான் இன்னாரு” என்று அறிமுகம் செய்துவிட்டுப் போனாளாம். எனக்குத் தெரிந்த சிறந்த வகுப்பு அதுதான். ஆனால் பராமரிப்பவரை நம்பர் போல் நடத்திக்கொண்டு, முதியவரை மனிதராக நடத்து என்று அவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இதை இல்லம் நடத்துவோரும், வீட்டில் ஆள் வைத்திருப்போரும் சிந்திக்க வேண்டும்.

அறிந்திருந்தவர் ஒன்றும் அறியாதவராகிவிடும் முதுமையைப் பற்றிக் குர்ஆன் பேசுகிறது. முதுமையடைந்த பெற்றோரிடம் ‘சீ’ என்ற சொல்லைக்கூட அது தடுக்கிறது. இவற்றை எத்தனையோ மேடைகளில் பேசியவன் நான். ‘வாப்பா, இப்பத்தானே சொன்னேன்’ என்று நான் ஒருநாளில் பத்து முறை சொன்னதும் அந்தச் சொல்லின் இனம்தான் என்பது இப்போது விளங்குகிறது.

அன்பு வாசகர்களே! உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவருடைய வாழ்க்கையைக் கேட்டு எழுதுங்கள். பார்த்துக்கொள்ள வரும் பிள்ளையிடம் மருந்துச் சீட்டைக் கொடுக்குமுன் அந்தக் கொப்பியைக் கொடுங்கள். அவரோடு வாதாடாதீர்கள், பரீட்சை வைக்காதீர்கள். “நான் யாரு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்பதை நிறுத்தி, “நான்தான் உங்க மகன்” என்று நீங்களே சொல்லுங்கள். கண்ணுக்கு நேரே வந்து, ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மெதுவாகப் பேசுங்கள். கையால் செய்யக்கூடிய ஒரு வேலையை, உண்மையிலேயே வீட்டுக்குப் பயன்படும் வேலையைக் கொடுங்கள். பராமரிக்கும் பிள்ளை சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று கேளுங்கள். அவள் கண்டுபிடித்ததை உங்களுக்குச் சொல்ல இடம் கொடுங்கள்.

வாப்பாவின் கடைக் கொப்பிகள் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. பெயர், தோட்டம், டிவிஷன், பாக்கி என்று வரிசையாக அவர் கையெழுத்து. தம்மிடம் புடவை வாங்கிய ஒவ்வொருவரையும் அவர் இவ்வளவு கவனமாக எழுதி வைத்திருந்தார். அவரைப் பற்றி ஒரு கொப்பி எழுத எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோருக்கும், அவர்களைத் தாங்கும் கைகளுக்கும் அருள் செய்வானாக!